ஏடிஆர் நேர்காணலுக்குப் போகும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு வயது 25. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். அப்பாவின் நிலத்தை அடமானம் வைத்து, வங்கிக் கடனும் வாங்கி, வடமாநிலத்தில் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து வணிக விமானி உரிமம் பெற்றேன். 210 மணி நேரம் பறந்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வேலை இல்லை. இப்போது ஏடிஆர் என்ற, புரொப்பெல்லர் கொண்ட சிறிய டர்போபிராப் விமானங்களை இயக்கும் ஒரு சிறிய நிறுவனம் துணை விமானி பணிக்கு அழைத்திருக்கிறது. எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் என மூன்று கட்டங்கள். உரிமத்துக்கான ஏர் நேவிகேஷன் (வான்வழி கணிக்கும் பாடம்) தாளில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்பார்களா? இரண்டு ஆண்டு இடைவெளிக்கு என்ன பதில் சொல்வது? என் ஆங்கிலம் சரளமாக இருக்காது. திருமணம் பற்றிக் கேட்டால்? பாண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா? ஏர்பஸ், போயிங் ஓட்டுவதுதான் என் கனவு என்று மனம் திறந்து சொல்லலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தக் கனவை அங்கே சொல்லாதீர்கள். கனவு தவறு என்பதற்காக அல்ல. மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவர்கள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஒரு விமானத்தை வாரம் முழுவதும் ஓட்ட ஏறத்தாழ ஐந்து ஜோடி விமானிகள் தேவை. ஓய்வு, விடுப்பு, மருத்துவப் பரிசோதனை, சிமுலேட்டர் பயிற்சி எல்லாவற்றுக்கும் இடம் விட்டால் அவ்வளவு ஆகும். நான்கு விமானங்கள் வைத்திருக்கும் நிறுவனத்தில் மொத்தத் துணை விமானிகளே இருபது பேர்தான். அதில் இருவர் ஒரே மாதத்தில் வேறு வேலைக்குப் போனால், எங்கோ ஓர் ஊரில் மாலை விமானம் ரத்தாகும். நானூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வைத்திருக்கும் இண்டிகோவே 2025 டிசம்பரில் புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்ற விமானிகள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. சிறியவர்கள் நிலைமையை நீங்களே எண்ணிப் பாருங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்தால் ஏடிஆருக்கான டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி), அதற்குப் பிறகு பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து பயணிகளோடு பறக்கும் லைன் பயிற்சி என்று பல மாதங்கள் ஓடும். அதுவரை உங்களால் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. ஆகவே அவர்கள் கேட்கும் கேள்வி எதுவாக இருந்தாலும், உள்ளே இருப்பது இந்தப் பெண் இங்கே இருப்பாளா, இவளை நம்பி ஒரு கேப்டனைப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா என்ற யோசனைதான். நான் ஏடிஆர் கமாண்டராகவும் பயிற்றுநராகவும் இருந்தவன். அந்த மேசையின் மறுபக்கத்திலும் அமர்ந்திருக்கிறேன். "உங்கள் நிறுவனம் எனக்கு ஒரு நல்ல தொடக்கமாக இருக்கும்" என்று விண்ணப்பதாரர் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, எங்கள் காதில் விழுவது "சீக்கிரம் போய்விடுவேன்" என்பதுதான்.

"பின்னே பொய் சொல்லவா?" என்று கேட்பீர்கள். வேண்டாம், பொய்க்கு அவசியமே இல்லை. ஏடிஆரில் பறப்பதை விரும்ப உண்மையான காரணங்கள் நிறைய உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் போதும். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணங்கள் என்பதால் ஒரே நாளில் நான்கு, ஆறு முறை தரையிறங்குவீர்கள். நீண்ட தூர ஜெட் விமானத்தின் துணை விமானிக்கு அத்தனை தரையிறக்கம் சேர வெகுநாள் ஆகும். போகும் இடங்களும் சாதாரணமானவை அல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தூத்துக்குடி ஓடுபாதை நீண்ட காலம் 1,350 மீட்டர்தான். அதனால்தான் அங்கே ஏடிஆர் தவிர வேறு பயணிகள் விமானம் வருவதில்லை என்ற நிலை இருந்தது. லட்சத்தீவின் அகத்தி ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர், இருபுறமும் கடல். அங்கே இறங்க முடியாமல் போனால் கடலைத் தாண்டி நாட்டின் பெருநிலப் பகுதிக்குத்தான் திரும்பி வர வேண்டும். அதற்கான எரிபொருளைப் புறப்படும்போதே கணக்கிட்டு ஏற்ற வேண்டும். எடையும் காற்றும் ஓடுபாதையின் ஈரமும் இங்கே தினசரிக் கவலைகள். இந்த வேலைக்காகவே ஒருவர் விண்ணப்பிக்கலாம். அவர்களுடைய பயண அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்த ஊருக்குப் பறக்கிறார்கள், அங்கே ஓடுபாதை எவ்வளவு நீளம், கடல் மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரம், எந்த மாதத்தில் மூடுபனி என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "எங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்ற கேள்விக்கு நிறுவனர் பெயரையும் தொடங்கிய ஆண்டையும் ஒப்பிப்பவர்கள்தான் அதிகம். ஓடுபாதையைப் பற்றிப் பேசும் விண்ணப்பதாரரைப் பார்த்தால் குழுவில் தூங்கி வழிபவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால், "ஏடிஆரில் கமாண்டராக" என்று சொல்லுங்கள். அது நடக்கக்கூடியதுதான். கமாண்டராவதற்குத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அதைத் தாண்டி நிறுவனம் கேட்கும் அனுபவமும் சேர்ந்தால், சிறிய நிறுவனத்தில் இடப்பக்க இருக்கை (கமாண்டரின் இடம்) பெரிய இடங்களைவிட விரைவில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து, ஏர் நேவிகேஷன். கேட்பார்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் கேட்பார்கள். "ஆமாம், இரண்டு முறை தோற்றேன், மூன்றாவது முறை தேறினேன்" என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, எந்தப் பகுதி புரியாமல் இருந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். கேள்வித்தாள் கடினம், மதிப்பெண் முறை சரியில்லை என்ற பேச்சை எடுக்காதீர்கள். அதோடு, நீங்கள் தோற்ற அதே பகுதியில் இருந்து உடனே ஒரு கணக்கு வரும். நான் அங்கே இருந்தால் நிச்சயம் கேட்பேன். இறங்கத் தொடங்க வேண்டிய புள்ளி, எதிர்க்காற்று, பக்கக்காற்று, எரிபொருள் தீரும் நேரம் ஆகியவற்றை மனக்கணக்காகப் போட்டுப் பழகுங்கள். உயரத்தில் ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்ற எளிய வாய்பாடே பாதி கேள்விகளுக்கு உதவும்.

லாக்புக்கில் (பறந்த மணி நேரங்களின் பதிவேடு) ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் போவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் கைதானார்கள். அதில் இருந்து நம் நாட்டில் இந்தப் புத்தகத்தைப் புரட்டுபவர்கள் சந்தேகக் கண்ணோடுதான் புரட்டுகிறார்கள். ஏதாவது ஒரு தேதியைக் காட்டி, "அன்றைய தனிப் பயணத்தில் வானிலை எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். உண்மையில் பறந்தவருக்கு அது நினைவிருக்கும்.

இரண்டு ஆண்டு இடைவெளி உங்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. உரிமம் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்த நாட்டில் ஏராளம் என்று குழுவுக்கும் தெரியும். அவர்கள் பார்ப்பது, அந்தக் காலத்தில் பறத்தலோடு தொடர்பை விட்டுவிட்டீர்களா என்பதைத்தான். டியூஷன் எடுத்திருந்தாலும் கடையில் கணக்கு எழுதியிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கடனை அடைக்க வேலை செய்தேன் என்று சொல்பவர் மேல் எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

இனி தொழில்நுட்பக் கேள்விகள். உங்களிடம் இன்னும் ஏடிஆர் டைப் ரேட்டிங் இல்லை. ஆகவே அந்த விமானத்தின் ஒவ்வொரு வால்வும் தெரிந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் டர்போபிராப் நிறுவனத்துக்கு வந்துவிட்டு ஜெட் எஞ்சினைப் பற்றி மட்டும் படித்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும். புரொப்பெல்லர் இதழ்களின் கோணம் ஏன் மாற வேண்டும், ஃபெதர் என்றால் என்ன, எஞ்சின் நின்றால் ஏன் ஃபெதர் செய்கிறோம், அதாவது ஏன் இதழ்களைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்புகிறோம் என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கத் தெரிய வேண்டும். ஏடிஆரில் தனியாகத் துணை மின் எஞ்சின் கிடையாது. தரையில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சினின் புரொப்பெல்லரை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். 'ஹோட்டல் மோட்' என்று பெயர். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருந்தாலே, வேலைக்கு முன் விமானத்தைப் பற்றிப் படித்தவள் என்று புரிந்துவிடும்.

'கிரிட்டிக்கல் எஞ்சின்', அதாவது இரண்டில் எது நின்றால் சமாளிப்பது அதிகக் கடினம் என்ற கேள்வி தவறாமல் வரும். ஏடிஆரின் இரண்டு புரொப்பெல்லர்களும் பின்னால் இருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றுகின்றன. அதனால் இடப்பக்க எஞ்சின் நின்றால்தான் சமாளிப்பது கடினம். ஏன் என்று படம் போட்டுச் சொல்லுங்கள். நீங்கள் பயிற்சி பெற்ற இரட்டை எஞ்சின் விமானம் பைப்பர் செனிகாவாக இருந்தால், அதன் புரொப்பெல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் கிரிட்டிக்கல் எஞ்சின் என்பதே இல்லை. மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இறக்கையில் உறைபனி படிவதைப் பற்றி ஆழமாகப் படியுங்கள். ஜெட் விமானங்கள் மேகங்களுக்கு மேலே ஏறிவிடும். ஏடிஆரின் உச்ச உயரமே 25,000 அடி. வழக்கமாக அதற்கும் கீழே, மழைக்கால மேகங்களுக்கு நடுவில்தான் பறக்கும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஓர் ஏடிஆர் 72 விழுந்து 68 பேர் இறந்தார்கள். காற்று நிரப்பிப் பனியை உடைக்கும் ரப்பர் பட்டைகளுக்கும் பின்னால் பனி படிந்ததே காரணம். பிறகு அந்தப் பட்டைகளின் அகலத்தைக் கூட்டினார்கள்.

இன்னொரு விபத்தையும் அறிந்திருங்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 புறப்பட்ட சற்று நேரத்தில் வலப்பக்க புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. கேப்டன் அவசரத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க எஞ்சினை நிறுத்திவிட்டார். விமானம் ஆற்றில் விழுந்து 43 பேர் மாண்டார்கள். புறப்படும்போது எஞ்சின் பழுதானால் என்ன செய்வாய் என்று கேட்கிறவர், நடைமுறைப் பட்டியலை நீங்கள் எவ்வளவு வேகமாக ஒப்பிக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. "முதலில் விமானத்தை நேராக வைப்பேன். பாதுகாப்பான உயரம் வரும் வரை எதையும் தொட மாட்டேன். எந்த எஞ்சின் என்பதை இருவரும் சத்தமாகச் சொல்லி உறுதி செய்த பிறகே லீவரை நகர்த்துவோம்" என்ற வரிசை உங்கள் வாயில் வருகிறதா என்று பார்க்கிறார்.

இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு; பெரும்பாலும் நேர்காணலின் கடைசிப் பகுதியில், உங்கள் தோள் சற்றுத் தளர்ந்த நேரத்தில் வரும். "கேப்டன் இருபது வருட அனுபவசாலி. தரையிறங்க வருகிறீர்கள். உயரமும் வேகமும் அதிகமாக இருக்கின்றன. அவர் விடாமல் இறக்கப் பார்க்கிறார். நீ என்ன செய்வாய்?"

நம் வீடுகளில் பெரியவர் பேச்சை மறுக்காமல் வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு "பணிவாக எடுத்துச் சொல்வேன் சார்" என்று ஆரம்பிப்பார்கள். அங்கேயே மதிப்பெண் குறையும். 2010 மே 22 அன்று மங்களூரில் என்ன நடந்தது என்பதைப் படித்துவிட்டுப் போங்கள். துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கேப்டன் பயணத்தில் நெடுநேரம் தூங்கியிருந்தார். விமானம் மிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது. துணை விமானி திரும்பத் திரும்ப 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மீண்டும் மேலே ஏறு) சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 8,000 அடிக்குச் சற்று மேற்பட்ட ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடியைத் தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. மேசைப்பாறை போல உயர்ந்து நின்ற ஓடுபாதையின் முனையைக் கடந்து கீழே விழுந்தது. 158 பேர் இறந்தார்கள்.

எனவே உங்கள் பதில் படிப்படியாக இருக்கட்டும். முதலில் விலகலை எண்ணோடு சொல்வேன்: வேகம் இருபது நாட் அதிகம், உயரம் இவ்வளவு அதிகம். மேகத்துக்குள் என்றால் ஆயிரம் அடி, தெளிவான வானில் ஐநூறு அடி. நிறுவனத்தின் கையேடு எதைச் சொல்கிறதோ அந்த உயரத்தில் விமானம் நிலைப்பட்டிருக்கவில்லை என்றால் 'கோ அரவுண்ட்' என்று தெளிவாகச் சொல்வேன். பதில் வராவிட்டால் மறுமுறை சொல்வேன். இரண்டு முறை சொல்லியும் பதிலோ செயலோ இல்லை என்றால், அவர் இயங்கும் நிலையில் இல்லை என்று கொண்டு கட்டுப்பாட்டை நான் எடுப்பேன். எடுக்கிறேன் என்பதையும் உரக்கச் சொல்வேன். இதைச் சொல்லும்போது குரல் தயங்கக் கூடாது. "அப்படிச் செய்தால் கேப்டன் உன் மேல் புகார் கொடுப்பாரே?" என்று சீண்டிப் பார்ப்பார்கள். "தரையில் இறங்கிய பிறகு அறிக்கை எழுதுவேன்" என்பதே போதும். அதற்கு மேல் வீரம் பேச வேண்டாம். கேப்டன்களைத் திருத்தக் கிளம்பியவரையும் யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சிமுலேட்டரில் தானியங்கி இல்லாமல் கையால் ஓட்டச் சொல்வார்கள்: நேராகப் பறப்பது, 45 பாகைத் திருப்பம், ஐஎல்எஸ் என்ற ரேடியோ வழிகாட்டியைப் பின்பற்றி ஓடுபாதையை நெருங்குவது, நடுவில் ஒரு எஞ்சின் பழுது. இரண்டு ஆண்டு கழித்துப் போகிறீர்கள் என்பதால், கையில் பணம் இருந்தால் எந்தச் சிமுலேட்டரிலாவது ஓரிரு மணி நேரம் பழகிவிட்டுப் போவது புத்தகத்தில் செலவழிப்பதைவிட நல்லது. தவறு செய்வீர்கள், எல்லோரும் செய்வார்கள். நூறு அடி விலகினால் "விலகிவிட்டேன், திருத்துகிறேன்" என்று சொல்லித் திருத்துங்கள். பார்க்கிறவருக்கு அது போதும். சொன்னதைக் காதில் வாங்கி, இரண்டாவது முயற்சியில் மேம்படுகிறவரைப் பயிற்றுநருக்குப் பிடிக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி ரொம்பவும் மருகாதீர்கள். சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை இருந்தால் பறக்கலாம். உங்கள் உரிமத்தில் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கும். வானொலியில் கட்டுப்பாட்டு அறை சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்வதும், புரியாவிட்டால் மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்பதும்தான் வேலைக்குத் தேவையான ஆங்கிலம். தொலைக்காட்சியில் கேட்ட உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டு பேசாதீர்கள். சிறிய வாக்கியங்களாக, நிதானமாகப் பேசுங்கள்.

திருமணம் பற்றிய கேள்வி வரக் கூடாது. ஆனாலும் சில இடங்களில் வரும். உலகச் சராசரி 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்போது, இந்தியாவில் விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். ஆகவே அந்த அறையில் நீங்கள் ஓர் அபூர்வப் பிறவி அல்ல. "ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) என் பெயர் இருக்கும் நாளில் நான் வருவேன் சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு விவரங்களை விளக்கப் போகாதீர்கள்.

பாண்டு விஷயம். டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் இருக்கச் சொன்னால், அது நியாயமான பேரம், கையெழுத்துப் போடலாம். செலவையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு பாண்டும் கேட்டால் யோசியுங்கள். நீங்கள் பணிபுரியும் ஒவ்வொரு மாதத்துக்கும் பாண்டு தொகை குறைந்துகொண்டே வருகிறதா, நிறுவனமே பணிநீக்கம் செய்தாலோ மூடிவிட்டாலோ தொகை ரத்தாகிறதா என்ற இரண்டையும் எழுத்தில் பாருங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். பாண்டு இல்லாவிட்டாலும் நினைத்த நாளில் கிளம்ப முடியாது: 2017இல் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) கொண்டுவந்த விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதம், கமாண்டருக்கு ஓராண்டு முன்னறிவிப்பு உண்டு. இடைத்தரகர் யாராவது "வேலை உறுதி" என்று பணம் கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். இன்னொரு அடமானத்துக்கு உங்கள் வீட்டில் நிலம் இருக்காது.

மூடிவிட்டால் என்று சொன்னதை மிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்திருக்கிறது. சென்னையில் இருந்து இயங்கிய பாரமவுன்ட் 2010இல் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடிந்தது. ஹைதராபாத்தின் ட்ரூஜெட் 2022இல் பறப்பதை நிறுத்தியது. அதுவும் ஏடிஆர் நிறுவனம்தான். அதனால், எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று அவர்கள் கேட்கும்போது தலையாட்டிவிட்டு வராதீர்கள். எத்தனை விமானங்கள் இப்போது பறக்கின்றன, தேர்வானால் டைப் ரேட்டிங் எந்த மாதம் தொடங்கும், லைன் பயிற்சிக்குப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், எந்த ஊரில் பணியமர்த்தம் என்று கேளுங்கள். சம்பளம் சரியான தேதியில் வருகிறதா என்பதை மட்டும் குழுவிடம் கேட்காமல், அங்கே வேலை செய்யும் துணை விமானி ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரியுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி) ஓராண்டுக்குத்தான் செல்லும். உங்கள் வயதில் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் அப்படியே. இரண்டு ஆண்டுகளாகப் பறக்காமல் இருந்தால் முதலாவது காலாவதியாகி இருக்க வாய்ப்பு அதிகம். சில நிறுவனங்கள் நேர்காணல் நாளன்று இரண்டும் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்கின்றன. சில நிறுவனங்கள் சேரும் நாள் வரை பொறுக்கின்றன. அழைப்புக் கடிதத்தை எடுத்து அந்த வரியைப் படியுங்கள். புதுப்பிக்க வேண்டி இருந்தால் பயிற்சிப் பள்ளியில் தேதி கிடைப்பதற்கே சில வாரங்கள் ஆகும். இந்த வாரமே அவர்களைக் கூப்பிடுங்கள்.